கோவக்காரியின் பசி

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். நாற்பத்து நான்கு வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒருத்தியை இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? அவளுடைய கைடே அவளைவிட மூன்று வயது சின்னவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொள்வதைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் பேசிக்கொள்வது போலவே இருக்கும்.

அக்கா படித்தது கருந்துளைகளைப் பற்றி. சின்னச் சின்னக் கருந்துளைகள் இல்லை. ஒவ்வொரு பெரிய விண்மீன் மண்டலத்துக்கும் நட்டநடுவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, கோடிச் சூரியன்களின் எடையோடு, அந்த ராட்சதக் கருந்துளை. (விண்மீன் மண்டலம் என்று மூச்சுப் பிடித்துச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது, கேலக்ஸி என்றுதான் சொல்வார்கள்.) சில கேலக்ஸிகளில் இந்தக் கருந்துளை சும்மா தூங்கும். சிலவற்றில் விழித்துக்கொண்டு சாப்பிடும். அதற்குச் சாப்பாடு வாயு. உள்ளே விழுவதற்கு முன் அந்த வாயு சுற்றிச் சுற்றிச் சூடேறி, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒளி வீசும். அந்த ஒளியின் உந்துதலிலேயே பக்கத்தில் இருக்கும் மற்ற வாயுவெல்லாம் வெளியே தள்ளப்பட்டுவிடும். பசியோடு பந்தியில் உட்கார்ந்தவன் தன் இலையைத் தானே எட்டி உதைக்கிற கதைதான்.

இதை வீட்டில் மாமனாருக்கு அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். அவரும் நூறு தடவை தலையாட்டியிருப்பார். ஆனால் தெருவில் யாராவது கேட்டால், "எங்க மருமக ஓட்டையைப் படிக்கிறா" என்பார். "எந்த ஓட்டை?" என்று கேட்டால், "அது மேல இருக்கு" என்று ஆகாயத்தைக் காட்டிவிட்டு, மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் நடையைக் கட்டிவிடுவார்.

பிள்ளை ஓரளவு வளர்ந்த பிறகு, கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை ஒரு வழியாக நிமிர்த்திய பிறகு, அவள் மறுபடி படிக்க வந்தவள். ஏழு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை காலக்கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது. இந்த மாதக் கடைசியோடு பதிவு காலாவதி. ஆய்வேடு எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வைவா மட்டும், அதாவது தேர்வாளர்கள் முன்னால் நின்று பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு. அது வருகிற வெள்ளிக்கிழமை. அதில் தேறினால் பட்டம். தேர்வாளர் நிராகரித்துவிட்டாலோ, தேதி தள்ளிப்போனாலோ, ஏழு வருஷமும் பாழ்.

அவள் ஆய்வேட்டின் சாரம் இதுதான். விழித்திருக்கும் நாற்பது கேலக்ஸிகளை அவள் அலசியிருந்தாள். அவற்றில் ஒன்பதில் வாயு வெளியே புயலாக அடிக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும், புயலே இல்லாத இடத்தில்கூட, ஒரு மெல்லிய காற்று வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. நொடிக்குச் சுமார் எண்பது கிலோமீட்டர். நமக்குத் தலை சுற்றும் வேகம், வானத்தில் அது தவழ்கிற வேகம். புயலைவிட இந்தத் தவழும் காற்றுதான் நாளாவட்டத்தில் கருந்துளையின் சாப்பாட்டைக் காலி செய்து, அதை வளரவிடாமல் நிறுத்துகிறது என்பது அக்காவின் முடிவு. இதை அவளுக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளுக்குள் நிறையவே இருந்தது, இருக்கக் கூடாதா என்ன?

திங்கட்கிழமை காலை, ஏ.சி. ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளியைத் தாண்டிக் குதித்துக்கொண்டு சுண்டு ஓடிவந்தாள். ஆய்வுக்கூடத்தின் கடைக்குட்டி அவள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, அக்கா! என் கேலக்ஸிலயும் காத்து அடிக்குது!"

"எது, அந்தத் தூங்குமூஞ்சியா?"

சுண்டுவுக்குக் கொடுத்திருந்தது தூங்கும் கேலக்ஸிகள். சாப்பாடும் இல்லை, ஒளியும் இல்லை, எதையும் தள்ளுவதற்குத் தெம்பும் இல்லை. அவற்றில் வாயு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும்.

"ஆமாக்கா. உங்க ப்ரோக்ராம்லதான் போட்டுப் பார்த்தேன். எண்பத்து மூணு! நம்ம பக்கமா வருது."

"அட, நல்லா இருக்கே!" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இன்னொரு தூங்குமூஞ்சியும் பார்த்தேன்க்கா. அதுலயும் எண்பத்து மூணு."

அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணாவது?"

"அதுவும் அதேதான்! மூணும் பேசி வச்ச மாதிரி சொல்லுது. இதுக்கே ஒரு பேப்பர் எழுதலாம்லக்கா?"

ஒன்றுக்கொன்று கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிற மூன்று கேலக்ஸிகள், ஒன்றையொன்று கண்ணாலும் பார்த்திராதவை, மூன்றும் துளிகூடப் பிசகாமல் ஒரே வேகத்தில் மூச்சு விடுமா? மூன்று வெவ்வேறு வீட்டுக் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கையில் மூன்று பேரும் ஒரே அளவு எடை கூடியிருந்தால், குழந்தைகளைச் சந்தேகப்பட மாட்டோம். தராசைத்தான் தட்டிப் பார்ப்போம்.

"நீ போய் மத்ததையும் போட்டுப் பாரு. நான் இதோ வரேன்" என்று சுண்டுவை அனுப்பிவிட்டு, அவள் தன் ப்ரோக்ராமைத் திறந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

ஒரு கேலக்ஸியின் ஒளியைப் பட்டையாகப் பிரித்தால் அதில் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு இடம். வாயு நம் பக்கம் வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல, நகராத இடம் எது என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய அட்டவணை இருந்தது. இரண்டாம் வருஷத்தில் அக்கா அதைத் தூக்கிவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டாள். புதியதில் புள்ளிக்கு அப்புறம் இலக்கங்கள் அதிகம். பார்க்கவே சுத்தமாக, அழகாக இருந்தது. அப்போது தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பழைய அட்டவணை காற்றில் அளந்தது. புதியது வெற்றிடத்தில் அளந்தது. காற்றுக்குள் ஒளியின் அலை ஒரு மயிரிழை சுருங்கும், பத்தாயிரத்தில் மூன்று பங்கு. தொலைநோக்கியிலிருந்து வந்த தரவும், நட்சத்திரங்களின் மாதிரிக் கோடுகளும் காற்றுக் கணக்கில் இருந்தன. வாயுவின் கோடுகளை மட்டும் அவள் வெற்றிடக் கணக்கோடு ஒப்பிட்டிருந்தாள். அந்த மயிரிழையை வேகமாக மாற்றினால் நொடிக்கு எண்பத்து மூன்று கிலோமீட்டர் வருகிறது.

ஆக, அவள் கண்டுபிடித்த மெல்லிய காற்று எந்தக் கேலக்ஸியிலிருந்தும் வரவில்லை. தொலைநோக்கிக் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்த சாதாரணக் காற்று அது. துப்புரவாளர் ஜன்னலைத் திறந்துவிட்டால் உள்ளே வருகிற அதே காற்று. அவளுடைய நாற்பது கேலக்ஸிகளும் அடங்காப்பிடாரிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் துள்ளும். அந்த அமளியில் இந்தப் பிழை கும்பலோடு கும்பலாக நின்றுகொண்டது. தூங்குகிற கேலக்ஸியில் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் அகப்பட்டுவிட்டது. அக்காவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அழுகையே பரவாயில்லை என்று தோன்றியது.

கைடு முதலில் நம்பவில்லை. அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும் மேடம்?"

"யாருக்கும் தெரியாது சார். கண்டுபிடிச்சது சுண்டுதான். ஆனா தான் கண்டுபிடிச்சது அவளுக்கே தெரியாது."

"வரப்போற எக்ஸாமினர் யாருன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? அந்தத் துறையில் அந்த அம்மாளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். ஆய்வேட்டை வரி வரியாக வெட்டிப் போடுவார். அவர் நிராகரித்த ஆட்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வெள்ளிக்கிழமை முடியட்டும். டிகிரி கைக்கு வரட்டும். அப்புறமா திருத்தம் எழுதி அனுப்பிடுவோம். நாம ஒண்ணும் மறைக்கப் போறதில்ல, கொஞ்சம் தள்ளிப் போடுறோம், அவ்வளவுதான்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்காகத்தான் சொன்னார். அக்காவும் "சரி சார்" என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன மாதிரி ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதி டீ நேரம் வரைக்கும்தான் தாங்கியது.

டீ நேரத்தில் சுண்டு வெள்ளைப் பலகையில் காய்ந்துபோன பேனாவால் தேய்த்துத் தேய்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். "என் தீசிஸுக்குத் தலைப்பு வச்சுட்டேன்க்கா. 'தூங்கும் கேலக்ஸிகளின் காற்று.' எப்படி இருக்கு?" அக்கா வாயைத் திறந்தாள். பிறகு டீயைக் குடித்து, சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் இருந்தார். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும் ஆள் அவர். அவள் நின்றுகொண்டே முழுக்கதையையும் சொன்னாள். காற்று, வெற்றிடம், எண்பத்து மூன்று எல்லாம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் குரல் புரிந்துவிட்டது.

"சொல்லாம இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்குப் பயம்?"

"அந்தப் பொண்ணு அதே தப்பு மேல தலைப்பு எழுதிக்கிட்டு நிக்கிறா. நான் பார்த்துக்கிட்டு டீ குடிச்சேன்." இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஏழு வருஷம் உங்களையெல்லாம் படுத்தி எடுத்தேன். எல்லாம் ஒரு பட்டத்துக்கு. இப்ப நானே போய் அதைக் கிழிச்சுப் போடவா?"

கணவர் அடுப்பை அணைத்தார். "நான் ஒண்ணு சொல்லவா? லைசென்ஸ் வாங்கிட்டு அப்புறமா பிரேக் போடக் கத்துக்கிறேன்னு ஒரு ஆள் வந்தா, நான் என்ன சொல்லுவேன்?"

"உங்களுக்கு எல்லாமே காருதான்."

"எனக்குத் தெரிஞ்சது அதுதானே. நீ உக்காரு. நான் சாப்பாடு போடுறேன். எப்படியும் நீ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க."

மறுநாள் காலை அக்கா முதலில் கைடிடம் போகவில்லை. சுண்டுவிடம் போனாள். வெள்ளைப் பலகை முன்னாலேயே நிறுத்தி, இரண்டு அட்டவணையையும் காட்டினாள். சுண்டு கெட்டிக்காரி, பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் காத்து?"

"உன் காத்தும் இல்ல, என் காத்தும் இல்ல. ரெண்டும் இந்த ரூம்ல இருக்கிற காத்துதான்."

சுண்டு தன் தலைப்பைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த கணம் அவளுக்கு வேறொன்று உறைத்தது. "அக்கா! வெள்ளிக்கிழமை உங்க வைவா!"

"ஆமா."

"சொல்லாதீங்கக்கா. யாருக்குத் தெரியும்?"

"நீயும் அதையே சொல்லாத. எல்லாரும் இதையே சொன்னா நான் மனசு மாறிடுவேன்" என்றாள் அக்கா. "நாற்காலியை இழுத்துப் போடு. பழைய அட்டவணையை வச்சு நாற்பதையும் மறுபடி ஓட்டணும். எவ்வளவு மிஞ்சுதோ, அதை எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன்."

பிறகு கைடிடம் போய், "சார், நேத்து சரின்னு சொன்னேன். இன்னிக்கு இல்லன்னு சொல்ல வந்தேன்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரி எனக்கும் தூக்கம் இல்ல மேடம். நானும் இத்தனை வருஷமா அதே அட்டவணையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அந்தம்மா நிராகரிச்சுட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தெரிஞ்சுக்கிட்டே போங்க."

தெரிந்துகொண்டேதான் போனாள். அந்த மூன்று நாளும் பெரிய துக்க வீடு மாதிரி இருந்தது ஆய்வுக்கூடம். சுண்டு எண்ணைப் படிப்பாள், அக்கா பழைய எண்ணை அடிப்பாள். ஒவ்வொரு கேலக்ஸியாகக் காற்று நின்றுபோயிற்று. அவள் கைப்பிள்ளை மாதிரி வளர்த்த மெல்லிய காற்று எல்லாம் மாயமாகிவிட்டது. புயல் அடித்த ஒன்பது மட்டும் அசையவில்லை. தொள்ளாயிரம் எண்ணூற்றுப் பதினேழாகக் குறைந்தாலும் புயல் புயல்தானே?

அந்த ஒன்பதில் முதலாவது கோவக்காரி. பட்டியலில் அதற்கு அரை முழ நீளத்துக்கு ஒரு எண் உண்டு. அக்கா வைத்த பேர் கோவக்காரி. எல்லாவற்றையும்விட ஆவேசமாக வாயுவை வெளியே வீசியடிக்கும் கேலக்ஸி. அக்காவுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

"கோவக்காரி ஆக்ஸிஜன் கோடு முடிஞ்சுதுக்கா. சோடியம் கோட்டைப் படிக்கவா?"

"அது எதுக்கு? அது பூஜ்யம்தான். பின்னிணைப்புல தூக்கிப் போட்டுட்டேன். இருபது முப்பது முன்ன பின்ன இருக்கும், அசைவே கிடையாது."

"ஆனா சோடியமும் அதே அட்டவணைதானேக்கா?"

அக்கா பேனாவை வைத்தாள். பூஜ்யம் என்று எழுதி வைத்தது, பூஜ்யம் இல்லை. நம் பக்கம் வருகிற வேகத்தில் எல்லாம் எண்பத்து மூன்றைக் கழித்தாயிற்று என்றால், பூஜ்யமாக நின்ற இது எதிர்ப்பக்கம் எண்பத்து மூன்று போக வேண்டும்.

"படி."

"தொண்ணூறு. சிவப்புப் பக்கம். அதாவது நம்மள விட்டு விலகிப் போகுது."

"அடுத்தது?"

"எழுபது. அதுவும் விலகிப் போகுது. அதுக்கு அடுத்தது நூத்திப் பத்து."

ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதைக் கேட்டதே அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். "உன் தூங்குமூஞ்சிகள்ல சோடியம் எங்க இருக்கு பாரு. சீக்கிரம்."

சுண்டுவின் விரல்கள் பறந்தன. "பூஜ்யம்க்கா. இப்ப நிஜமாவே பூஜ்யம். மூணுமே."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஆக்ஸிஜன் தானாகவே ஒளிரும். எங்கே இருந்தும் ஒளிரலாம். சோடியம் அப்படி இல்லை. கேலக்ஸியின் நடுவில் எரிகிற ஒளியை அது மறைத்து நிழல் போடுவதால்தான் அதை நாம் பார்க்கவே முடிகிறது. அதனால் அது கட்டாயம் அந்த விளக்குக்கும் நமக்கும் நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நிற்கிற ஓர் ஆள் நம்மை விட்டு விலகிப் போனால் வேறெங்கே போவான்? விளக்கைப் பார்த்துத்தான் போவான்.

"சுண்டு, அது உள்ள விழுது" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "மேல புயல் வெளியே அடிக்குது, அடியில சாப்பாடு உள்ள போகுது. தட்டை உதைக்கிற மாதிரி உதைச்சுட்டு இன்னொரு கையால சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கா கோவக்காரி!"

இத்தனை வருஷமாக அவளுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. காற்று சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறது என்றால் இந்தக் கருந்துளைகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? ஆய்வேட்டில் அந்தக் கேள்வியைப் பூசி மெழுகிவிட்டுப் போயிருந்தாள். பதில் அவளுடைய தரவிலேயே, பின்னிணைப்பிலேயே, பூஜ்யம் என்ற பேரில் படுத்துக் கிடந்திருக்கிறது. அவள் செய்த பிழை இல்லாத காற்றைக் காட்டியது மட்டுமில்லை, இருந்த பசியையும் மூடி மறைத்திருக்கிறது. சுண்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் வாளி கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை. கருத்தரங்க அறையில் முன்வரிசையில் மாமனார், சலவை செய்த சட்டையில், கல்யாண மண்டபத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர். கடைசி வரிசையில் சுண்டு. தேர்வாளர் அம்மாள் ஆய்வேட்டை மேசைமேல் வைத்திருந்தார். அதில் வண்ண வண்ணமாக ஒட்டுச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மேடம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நீங்க கையில வச்சிருக்கிற தீசிஸ்ல மூணாவது, நாலாவது அத்தியாயம் தப்பு. தப்பு என்னோடது."

அறையில் ஒரு சலசலப்பு. மாமனார் மகனைப் பார்த்தார். மகன் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா திரையில் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். எதையும் பூசவில்லை. புள்ளிக்கு அப்புறம் இலக்கம் அதிகமாக இருக்கிறதே என்று மயங்கி மாற்றியதையும் சொன்னாள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கத்தரிக்கோல் சிரிக்கவில்லை.

"இதை நான் மூணு தடவை படிச்சேன்" என்றார் அவர், மெதுவாக. "எனக்கு இது கண்ணுல படல. யாரு கண்டுபிடிச்சது?"

"கடைசி வரிசையில உக்காந்திருக்கிற பொண்ணு மேடம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சுண்டு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தாள்.

பிறகு அக்கா சோடியத்தைக் காட்டினாள். அப்போதுதான் கத்தரிக்கோல் உண்மையிலேயே வெட்ட ஆரம்பித்தார். "ஒரு தடவை அட்டவணையில ஏமாந்தீங்க. இந்தத் தடவை ஏமாறலன்னு எப்படி நம்புறது?" தூங்கும் கேலக்ஸிகளில் அதே கோடு பூஜ்யத்தில் நிற்பதை அக்கா காட்டினாள். "நட்சத்திரங்கள்லயும் சோடியம் இருக்கே, அதைக் கழிச்சீங்களா?" கழித்திருந்தாள். "ஒன்பதுல எத்தனைல விழுது?" ஆறில். மற்ற மூன்றில் தரவு மங்கல், அதனால் சொல்ல முடியவில்லை. "உள்ள விழுற வாயு, கருந்துளை வரைக்கும் போய்ச் சேருதா? இல்ல பாதி வழியிலயே நின்னுடுதா? அது வளர்றதுக்கு இது போதுமா?"

அக்கா நேற்று வரை இப்படி ஒரு கேள்வி வந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

"தெரியல மேடம். யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். ஆனா எப்படிப் பார்த்தா தெரியும்னு இப்ப எனக்குத் தெரியும்."

கத்தரிக்கோல் எதையோ குறித்துக்கொண்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் கணவரின் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. கதவு திறந்து கைடு தலையை நீட்டி அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"உக்காருங்க" என்றார் தேர்வாளர் அம்மாள். "இன்னிக்கு உங்களுக்குப் பட்டம் தர முடியாது."

அக்கா எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்திருந்தாலும் அடி அடிதானே.

"ரெண்டு அத்தியாயம் தப்பா இருக்கிற தீசிஸ்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அந்த ரெண்டையும் எடுத்துடுங்க. பின்னிணைப்புல போட்டதை முதல் அத்தியாயமாக் கொண்டு வாங்க. தலைப்பையும் மாத்துங்க. மூணு மாசம் எடுத்துக்கலாம். நிராகரிக்கல, திருத்தத்தோட ஏத்துக்கிறோம்னு எழுதியிருக்கேன். வைவா நடந்துட்டதால உங்க பதிவும் காலாவதி ஆகாது." அவர் ஒட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேசையில் போட்டார். "இதெல்லாம் நான் கேக்க வச்சிருந்த கேள்விங்க. எல்லாமே அந்த மெல்லிய காத்தைப் பத்தித்தான். இனிமே இது எதுக்கு? புது அத்தியாயத்தை எழுதினதும் முதல்ல எனக்கு அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சாகணும், அந்த வாயு போய்ச் சேருதா இல்லையான்னு."

அக்கா வெளியே வந்தாள். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் தாங்க முடியாமல் எழுந்துவிட்டார். அவர் கையில் பெரிய இனிப்புப் பெட்டி. நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு? பாஸா?"

"இன்னிக்கு இல்ல மாமா. மறுபடி எழுதணும். இன்னும் மூணு மாசம் ஆகும்."

மாமனார் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இது மூணு மாசம் தாங்காதும்மா" என்றார். "ரெண்டு நாள்ல கெட்டுப்போயிடும்." அங்கேயே வராந்தாவில் நின்றபடி கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்து, முதலில் மருமகளிடம் நீட்டினார்.

அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் அது துக்கம் இல்லை. ஏழு வருஷமாக, இது உனக்கு வேண்டாத வேலை என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவாள். பட்டம் இல்லாமல், பாதி தப்பான ஆய்வேட்டோடு நிற்கிற இந்த நேரத்தில் அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை. கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கைடு இரண்டு இனிப்பு எடுத்துக்கொண்டார், ஒன்று தேர்வாளர் அம்மாளுக்காம்.

சுண்டு வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, அந்த மங்கலான மூணு கேலக்ஸி இருக்குல்ல? அதுல சோடியத்தை எப்ப பாக்குறது?"

"இப்பத்தான்" என்றாள் அக்கா. "கையைக் கழுவிட்டு வா."